கண்காட்சி அரங்கில் பத்து நிமிடம்: புதிய விஆர் ஹெட்செட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் நடக்கும் கேம்ஸ்காம் வீடியோ கேம் கண்காட்சியில், விஆர் ஹெட்செட்டை, அதாவது கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகுக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் தலையணிக் கருவியை, சோதித்துப் பார்க்கப் பெயர் பெற்ற ஓர் அரங்கின் வரிசையில் நின்றால் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். உள்ளே போனபின் கையில் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அந்தப் பத்து நிமிடத்தில் எந்த ஆட்டத்தின் எந்தக் காட்சியைக் காட்டுவது, எவ்வளவு வெளிச்சத்தில் காட்டுவது, எந்த இடத்தில் முடிப்பது என்பதையெல்லாம் நிறுவனம் பல வாரம் யோசித்து முடிவுசெய்திருக்கும். பார்வையாளரோ எந்தத் திட்டமும் இல்லாமல் வந்து, 'பிரமாதம்' என்ற ஒரே சொல்லோடு வெளியேறுகிறார். வீட்டில் வாங்கிவைத்த பிறகு தொல்லை தரப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் அந்த அரங்கிலேயே அவர் கண்முன் இருந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாததால் தப்பிப்போயின. ஆட்டத்தை மறந்துவிட்டுக் கருவியைப் பார்ப்பது எப்படி என்பதைப் புறப்படும் நாளிலிருந்து படிப்படியாகச் சொல்கிறேன். கேம்ஸ்காமை வைத்தே எழுதுகிறேன் என்றாலும், ஹெட்செட்டைச் சோதிக்கும் முறை எந்த ஊர்க் கண்காட்சிக்கும் பொருந்தும்.

புறப்படும் முன்: இரண்டு எண்கள்

முதலாவது எண், உங்கள் இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். வளர்ந்தவர்களில் இதன் சராசரி ஏறத்தாழ 63 மி.மீ.; ஆனால் 55க்கும் 72க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கண்ணாடிக் கடையில் கேட்டால் அளந்து சொல்வார்கள். வீட்டிலேயே அளக்க விரும்பினால், முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, மில்லிமீட்டர் அளவுகோலைப் புருவத்தின் மேல் கிடையாக வைத்து, வலக்கண்ணை மூடிக்கொண்டு சுழியத்தை இடக் கண்மணியின் நடுவுக்கு நேராகப் பொருத்துங்கள். பிறகு தலையை அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக்கண்ணைத் திறந்து, வலக் கண்மணிக்கு நேராக நிற்கும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொண்டால் போதும். ஹெட்செட்டுக்குள் இருக்கும் வில்லைகளின் நடுவும் கண்மணிகளின் நடுவும் ஒன்றி நிற்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த திரையும் மங்கலாகத்தான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரங்கில், பெயர் வேண்டாம், எனக்கு முன்னால் ஆடியவருக்கு வைத்த இடைவெளியை மாற்றாமலே என் தலையில் மாட்டிவிட்டார்கள். திரை மட்டம் என்று முடிவுகட்டி வெளியே வந்து நண்பரிடம் புலம்பியபோதுதான், நடுவில் ஒரு சிறு சக்கரம் இருப்பதே எனக்குத் தெரியவந்தது.

இரண்டாவது எண், உங்கள் மூக்குக்கண்ணாடியின் அகலம். இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து வைத்துக்கொண்டால், குறுகிய முகப்பு உள்ள கருவிக்குள் அது நுழையுமா என்பதைப் பணியாளரிடம் முன்னதாகவே கேட்டுவிடலாம். ஹெட்செட்டின் திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், வில்லைகள் அதன் உருவத்தை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் காட்டுகின்றன. ஆகவே தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் உள்ளேயும் அதை அணிந்தாக வேண்டும்; செய்தித்தாள் படிக்க மட்டும் கண்ணாடி எடுப்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கான்டாக்ட் லென்ஸ் பழக்கமுள்ளவர்கள் அன்று அதைப் போட்டுக்கொண்டு போவது நல்லது.

இவற்றோடு, நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கும் ஏதேனும் ஒரு ஹெட்செட்டின் விவரங்களையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் புதியது எல்லாமே அற்புதமாகத்தான் தோன்றும். 2013இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்டின் முதல் உருவாக்குநர் பதிப்பு ஒரு கண்ணுக்கு 640×800 புள்ளிகளைத்தான் (பிக்சல்) காட்டியது. கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் இருந்த அதையே உலகம் வியந்தது. 2016இல் ரிஃப்டும் எச்டிசி வைவும் 1080×1200 என்ற அளவுக்கு வந்தன. 2023இல் வெளியான பிளேஸ்டேஷன் விஆர்2 ஒரு கண்ணுக்கு 2000×2040, அதே ஆண்டின் மெட்டா குவெஸ்ட் 3 ஒரு கண்ணுக்கு 2064×2208. இன்று புதிதாக வரும் எதையும் இந்தக் கடைசி இரண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

நாளும் வரிசையும்

கேம்ஸ்காம் புதன் முதல் ஞாயிறு வரை நடக்கிறது. 2024இல் மட்டும் 3,35,000 பேர் வந்தார்கள் என்றால் சனிக்கிழமை நெரிசலை ஊகித்துக்கொள்ளலாம். முதல் நாளான புதன்கிழமை பெரும்பாலும் தொழில்துறையினருக்கும் ஊடகத்தாருக்கும் உரியது. பொதுப் பார்வையாளர்களுக்கு வியாழக்கிழமையே சிறந்த நாள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நகரின் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து ரைன் ஆற்றைக் கடந்தால் அடுத்த நிறுத்தமே மெஸ்ஸே டாய்ட்ஸ். அங்கிருந்து நடந்தே கண்காட்சி வாயிலுக்குப் போய்விடலாம். ஜெர்மனியில் ஆட்டங்களுக்கு வயது வகைப்பாடு தரும் யுஎஸ்கே என்ற அமைப்பின் வயது வரம்பு கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதால், வயதைக் காட்டும் கைப்பட்டையை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வரிசையின் கடைசிப் படியில் திருப்பி அனுப்பப்படுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கதவு திறந்ததும் நேராக ஹெட்செட் அரங்குக்குப் போங்கள், வழியில் எதற்கும் நிற்க வேண்டாம். முன்பதிவு வசதி உண்டா என்பதை முந்தைய வாரமே பார்த்து, உண்டென்றால் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை என்று வற்புறுத்துவதற்குக் காரணம் வரிசை மட்டுமல்ல: மாலைக்குள் அந்த ஹெட்செட்டின் முகப்பஞ்சு பலருடைய வியர்வையை வாங்கியிருக்கும், வில்லையில் விரல்தடம் படிந்திருக்கும், பணியாளரும் களைத்திருப்பார். உங்கள் கண்ணும் காலையில்தான் தெளிவாக இருக்கும். டோக்கியோவை அடுத்த மகுஹாரி மெஸ்ஸேயில் செப்டம்பரில் நடக்கும் டோக்கியோ கேம் ஷோவுக்குப் போகிறவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். அங்கே பல அரங்குகள் காலையிலேயே எண்ணிட்ட சீட்டு கொடுத்து, அது தீர்ந்ததும் வரிசையை மூடிவிடுகின்றன.

தலை, நெற்றி, உடை

இதை எந்த நிறுவனத்தின் கையேடும் நம்மவர்களுக்காக எழுதவில்லை. நெற்றியில் விபூதியோ சந்தனமோ குங்குமமோ இட்டிருந்தால், ஹெட்செட்டின் மேல்விளிம்புப் பஞ்சு சரியாக அங்கேதான் அழுந்தும். விபூதித் தூள் வியர்வையோடு சேர்ந்து வில்லையில் படிந்தால் உங்களுக்கும் மங்கல், அடுத்தவருக்கும் மங்கல். காலையில் இட்டதை வரிசையில் நிற்கும்போதே மெல்லத் துடைத்துக்கொள்வதோ, ஒட்டுப்பொட்டாக இருந்தால் எடுத்து அலைபேசி உறையின் பின்புறம் ஒட்டிவைப்பதோ நல்லது. தலைக்கு அன்று தேங்காய் எண்ணெய் வேண்டாம். கொண்டை போட்டிருந்தால் பின்பட்டை உட்கார இடம் இருக்காது, கருவி முன்பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். கழுத்துக்குக் கீழே தொங்கும் ஒற்றைச் சடைதான் தோதானது. துப்பட்டாவும் நீண்ட முந்தானையும் ஆட்டத்தை இயக்கக் கையில் பிடிக்கும் கைப்பிடியில் சிக்கும் என்பதால் முன்னதாகச் செருகிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான அரங்குகளில் ஒருமுறை பயன்படுத்தும் துணி முகமூடி கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு முகப்பஞ்சைத் துடைக்கிறார்களா என்று கவனியுங்கள். துடைக்காவிட்டால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சில அரங்குகளில் புறஊதாக் கதிர்ப் பெட்டிக்குள் வைத்து எடுப்பார்கள். வில்லைக்கு மட்டும் ஆல்கஹால் கலந்த துணி கூடாது, மேற்பூச்சு கெட்டுவிடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி ஒன்றை நீங்களே பையில் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், இதயத்துடிப்புக் கருவி போன்றவை உடலில் பொருத்தப்பட்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் அணிய வேண்டாம். ஹெட்செட்டிலும் கைப்பிடிகளிலும் காந்தங்களும் வானொலி அலைகளை அனுப்பும் பாகங்களும் இருக்கின்றன. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் வயது வரம்பை முன்பே பாருங்கள்: பிளேஸ்டேஷன் விஆர்2இன் வரம்பு 12 வயது.

மாட்டும் அந்த ஒரு நிமிடம்

பணியாளர் அவசரப்படுத்துவார். அவரது வேலை, வரிசையை நகர்த்துவது. உங்கள் வேலை, முதல் ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது. மாட்டும் முன் வில்லைகளின் இடைவெளி எத்தனை மி.மீ.யில் இருக்கிறது என்று கேட்டு, உங்கள் எண்ணைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர்கள் முகப்பை முதலில் கண்ணாடியின் மேல் பொருத்திவிட்டு, அதன்பின் பட்டையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பட்டையை முதலில் தலையில் போட்டு முகப்பைக் கீழே இழுத்தால் கண்ணாடி மூக்கில் சரிந்து, ஹெட்செட்டின் வில்லையைக் கீறிவிடும். பின்பட்டை பிடரியின் புடைத்த எலும்புக்குக் கீழே உட்கார வேண்டும். இறுக்கம் பிடரியில் இருக்கட்டும், கன்னத்தில் வேண்டாம்.

இப்போது ஏதேனும் ஓர் எழுத்தைப் பாருங்கள், ஆட்டத்தின் முகப்புப் பட்டியல் போதும். முகப்பை இரு கைகளாலும் பிடித்து ஒரு சில மில்லிமீட்டர் மேலும் கீழும் மெல்ல நகர்த்திக்கொண்டே, எழுத்தின் விளிம்பு கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் கிடைக்காமல் ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம். கண்ணசைவைப் பின்தொடரும் கருவியாக இருந்தால், திரையில் நகரும் புள்ளியைக் கண்ணால் தொடரச் சொல்லும் அளவுத்திருத்தம் ஒன்று வரும். முந்தையவருடைய திருத்தத்திலேயே தொடராமல் உங்களுக்காக மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

வில்லையும் திரையும்: எங்கே பார்ப்பது

சோதனையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கண்காட்சிக் காட்சிகள் எப்போதும் உங்கள் பார்வையை நடுவிலேயே இழுத்து வைக்கும்: நேர் எதிரே ஒரு பறவைநாகம் (டிராகன்) பறக்கும், ஒரு கதாபாத்திரம் உங்களிடம் பேசும். நீங்கள் தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் வலது ஓரத்துக்குத் திருப்பி அங்கே உள்ள ஒரு நுண்ணிய விவரத்தைப் படிக்க முயலுங்கள். பிறகு இடது, மேல், கீழ். வட்ட வட்டமாக வரிப்பள்ளங்கள் உள்ள பழைய வகை ஃபிரெனெல் வில்லைகளில் கூர்மை நடுவில் ஒரு வட்டத்துக்குள்தான் இருக்கும், ஓரத்தில் எழுத்துகள் கரைந்துபோகும். குவெஸ்ட் 3இல் உள்ளதுபோன்ற பான்கேக் வில்லைகளில் கூர்மை கிட்டத்தட்ட விளிம்புவரை நீடிக்கும். அதற்கு ஒரு விலை உண்டு: இவ்வகை வில்லை ஒளியைத் தனக்குள் மடித்து அனுப்புவதால் திரையின் வெளிச்சத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடுகிறது. ஆகவே பான்கேக் வில்லை என்று சொன்னால் அடுத்து வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். ஃபிரெனெல் என்று சொன்னால், கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் காட்சியில் எழுத்தைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் சிதறுகின்றனவா என்று பாருங்கள்.

கருப்பு நிறம் அடுத்த சோதனை. குகை, விண்வெளி, இரவு என ஏதேனும் வந்தால், அந்த இருட்டு உண்மையில் கருப்பாக இருக்கிறதா, அடுப்புக்கரியைச் சாம்பலில் புரட்டியதுபோல் வெளிறியிருக்கிறதா என்று கவனியுங்கள். எல்சிடி திரைகளுக்குப் பின்விளக்கு இருப்பதால் கருப்பு சாம்பலாகவே வரும். பிளேஸ்டேஷன் விஆர்2இல் உள்ளதுபோன்ற, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் இருட்டு இருட்டாகவே இருக்கும், ஆனால் மங்கலான ஒரே நிறப் பரப்புகளில் மெல்லிய அழுக்குப் படலம்போல் ஒரு கறை தெரியக்கூடும். தலையை அசைத்தால் அந்தக் கறையும் கூடவே வரும்.

கூர்மையைக் கணக்காகச் சொல்ல வேண்டுமானால், பார்வைக்கோணத்தின் ஒரு பாகைக்கு எத்தனை புள்ளிகள் என்று கேளுங்கள். குவெஸ்ட் 3 ஏறத்தாழ 25 காட்டுகிறது; நல்ல பார்வையுள்ள கண் 60 வரை பிரித்தறியும். மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பெரிதாக விளம்பரப்படுத்தும் நிறுவனம், பார்வைக்கோணத்தை விரிக்கும்போது அதே புள்ளிகள் அதிகப் பரப்பில் சிதறுவதைச் சொல்லாது.

அசைவு: தலையும் கையும்

தொலைவிலுள்ள ஒரு கம்பத்தையோ சாளர விளிம்பையோ பார்த்தபடி, 'இல்லை' என்று மறுப்பதுபோல் தலையை இரண்டு மூன்று முறை வேகமாக ஆட்டுங்கள். அந்தக் கம்பம் நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தலைக்குப் பின்னால் தாமதமாக இழுபட்டு வந்தாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, புகைபோல் ஒரு வால் நீண்டாலோ, அது கருவியின் குறை அல்லது அதை இயக்கும் கணினியின் குறை. தலை அசைவுக்கும் திரையில் அதற்கேற்ற ஒளி வருவதற்கும் இடையே உள்ள தாமதம் 20 மில்லிநொடிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, கிடைப்பது 11.1 மில்லிநொடிதான், 120 முறை என்றால் 8.3.

கைகளுக்கு வருவோம். இன்றைய ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை தம் மேலுள்ள கேமராக்களாலேயே கைப்பிடிகளைக் கண்டுபிடிக்கின்றன. கேமராவின் கண் படாத இடங்களுக்குக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்: முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, தொடைக்கு அருகில். அம்பு எய்வதுபோல் ஒரு கைப்பிடியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து ஐந்து நொடி அப்படியே நில்லுங்கள். திரையில் தெரியும் கை நடுங்குகிறதா, மெல்ல மிதந்து நகர்கிறதா? வெளி உலகைக் காட்டும் வசதி இருந்தால் அலைபேசியைக் கையில் எடுத்து அதில் ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க முயலுங்கள். எழுத்து படிக்க முடிகிறது, விரல்களைச் சுற்றிய காற்று நெளியவில்லை என்றால் அது நல்ல கருவி.

கம்பியில்லாமல் படம் அனுப்பும் கருவியில் ஒரு நியாயம் பேச வேண்டும். ஆயிரக்கணக்கான அலைபேசிகள் நெரியும் கூடத்தில் வைஃபை திணறினால் படம் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் வீட்டில் அது நிகழாமல் போகலாம். அந்தக் குறையை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்.

குமட்டல் வந்தால்

கண் 'நகர்கிறோம்' என்று சொல்லும், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'நின்ற இடத்திலேயே இருக்கிறோம்' என்று சொல்லும். இந்தச் சண்டைதான் குமட்டல். மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி வருபவர்களுக்கு இங்கும் வர வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, வயிறு முட்டவும் போகக்கூடாது. ஆட்டத்துக்குள் நடையை வழுக்கும் முறையில் வைத்திருக்கிறார்களா, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் முறையிலா என்று தொடங்கும் முன்பே கேட்டு, புதியவர்கள் தாவும் முறையைக் கேட்டு வாங்குங்கள். முதல் அறிகுறி குமட்டலாக இராது. முகத்தில் சூடும் உள்ளங்கையில் வியர்வையும்தான் முந்தும். அந்த நொடியே கண்ணை மூடிக்கொண்டு, கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் நின்றோமே என்று தாக்குப்பிடிப்பவர்கள் அன்றைய மீதி நாளையும் இழக்கிறார்கள்.

எடை

பெட்டியில் எழுதியுள்ள கிராம் கணக்கு பாதி உண்மைதான். குவெஸ்ட் 3இன் எடை 515 கிராம், பிளேஸ்டேஷன் விஆர்2 கம்பியை விட்டுவிட்டால் ஏறத்தாழ 560 கிராம். ஆனால் பின்னது நெற்றியில் வளையமாக உட்காருவதால் பலருக்கு அதுவே இலேசாகத் தோன்றுகிறது. பத்து நிமிடத்தில் கழுத்துவலி தெரியாது. அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஆட்டத்தின் நடுவே, தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். முன்பக்கக் கனம் உள்ள கருவி அதற்குள் கன்னத்து எலும்பில் அழுந்தத் தொடங்கிவிடும்.

பணியாளரிடம் கேட்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி: இந்தப் படம் ஹெட்செட்டுக்குள்ளேயே உருவாகிறதா, மேசைக்கு அடியில் உள்ள கணினியில் உருவாகிறதா? கணினி என்றால் அதில் எந்த வரைகலை அட்டை (கிராஃபிக்ஸ் கார்டு)? விலையில் ஹெட்செட்டையே மிஞ்சும் அட்டை ஒன்று திரைச்சீலைக்குப் பின்னால் இருந்துகொண்டு புகழை ஹெட்செட்டுக்கு வாங்கிக்கொடுப்பது வழக்கமான காட்சி. அடுத்து, மின்கலம் ஆட்டத்தின்போது எவ்வளவு நேரம் வரும், மாற்றத்தக்கதா. முகப்பஞ்சு தனியாகக் கிடைக்குமா. கண்ணசைவுத் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது. கையில் இருப்பது விற்பனைக்கு வரப்போகும் இறுதி வடிவமா, முன்மாதிரியா என்றும் கேளுங்கள். தெரியாது என்று பணியாளர் சொன்னால் அவர் நேர்மையானவர். அத்தகைய பலர் கண்காட்சிக்காகச் சில நாள் வேலைக்கு எடுக்கப்பட்ட மாணவர்கள். தயாரிப்புக் குழுவில் யாராவது இருக்கிறாரா என்று பணிவாக விசாரித்தால், மூலையில் நிற்கும் ஒருவரைக் கைகாட்டுவார்கள்.

கழற்றிய பிறகு

அரங்கைவிட்டு வந்ததும் வேறு எதையும் பார்க்காமல், யாரிடமும் பேசாமல், ஒரு சுவரோரம் நின்று அலைபேசியில் எழுதுங்கள்: ஓரக் கூர்மை, கருப்பு, தலையாட்டல், கன்னத்துக் கை, குனிதல். அடுத்த அரங்கைப் பார்த்துவிட்டால் இரண்டும் குழம்பிவிடும். கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்த தடம் எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அரைமணி கழித்து இன்னொன்று எடுங்கள். ஒரே நாளில் மூன்று ஹெட்செட்டுக்கு மேல் பார்க்க வேண்டாம், அதற்குப் பிறகு கண் சொல்வதை நம்ப முடியாது. தலைசுற்றல் சிறிதளவு இருந்தாலும் அது முற்றிலும் நீங்கும்வரை வண்டி ஓட்டக்கூடாது. கொலோனில் ரயில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

நேரமும் காலும் இடம் கொடுத்தால், மறுநாள் காலை அதே வரிசையில் இன்னொரு முறை நில்லுங்கள். முதல் முறை எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் பறவைநாகம் பறக்கும்போது நாம் அண்ணாந்து பார்த்துவிடுவோம். இரண்டாம் முறை அது எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்திருக்கும். அப்போது அதற்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்ப்புறச் சுவரின் செங்கற்களைப் பாருங்கள்.